கொடி இல்லாவிட்டால் வரலாம்

உங்களுக்கு ஒரு இளநீர் கொடுக்க முடியவில்லை, தப்பாக நினைக்கக் கூடாது. இத்தனை தென்னை இருந்தும் ஒரு காய்கூடக் கண்ணில் படவில்லையே என்று நீங்கள் அண்ணாந்து பார்த்ததைக் கவனித்தேன். எல்லாம் கள்ளு மரம், ஜின்சன் சார். நீங்கள் கோட்டயத்துக்காரர், சித்தூருக்கு டிஎஸ்பியாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதனால் சொல்கிறேன். பாளையை விரியவிட்டால் தேங்காய். விரியவிடாமல் இறுக்கிக் கட்டி, தட்டி, தினமும் கொஞ்சம் சீவினால் கள். காய்க்குக் காத்திருக்க வேண்டும், கள் தினமும் வரும். என் தாத்தா இதை மரத்தில் கற்று அரசியலுக்குக் கொண்டுவந்தார். மோர் இருக்கிறது, குடியுங்கள்.

புகார் கொடுத்தது மௌனிகா என்று தெரியும். என் மருமகள், இப்போது இந்தத் தொகுதிக்கு எம்எல்ஏ. "மாமா, அவரு கடைசியா உங்களைத்தானுங்க கூப்பிட்டிருக்கறாரு. என்னுங்க கேட்டாரு?" என்று என்னிடமே வந்து கேட்டாள். என் மகன் நவீன்குமார் ஆற்றோடு போன அன்று எனக்குச் செய்த போனைப் பற்றிய கேள்வி அது. அவள் கேட்ட தொனி சரியில்லை, அதனால் நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மரியாதையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரட்டுமேடு. நடுவில் இருப்பது நிலம்பதி, தண்ணீரை ஒட்டிப் போட்ட தாழ்ந்த தரைப்பாலம். எங்கள் பக்கம் பெரிய மழை கிடையாது. மேலே மலையில் பெய்யும், அணையைத் திறப்பார்கள். இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஆறு நிலம்பதிக்கு மேலே புரண்டு வரும். அதற்காகவே கரையில் கிட்டுச்சாமி என்று ஒரு காவல்காரன். தண்ணீர் வருகிறது என்று போன் வந்தால் கம்பத்தில் சிவப்புக் கொடி கட்டுவான். கொடி இருந்தால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வரலாம். அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உயர்ந்த பாலம் கட்டித் தருவேன் என்று முதலில் சொன்னவர் தாத்தா. ஜெயித்தார். பிறகு அப்பா, பிறகு நான். மூன்று அடிக்கல் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அப்பா வைத்த கல்லில் கரட்டுமேட்டுப் பெண்கள் துணி துவைக்கிறார்கள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை. மக்கள் பயன்பாட்டுக்குத்தானே வைத்தோம்.

பாலம் நிஜமாகவே வந்துவிடும் போலிருந்தால், மண் பரிசோதனை இன்னொரு முறை வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். உயிர் விஷயம், அவசரப்படக் கூடாது. தாத்தா சொல்வார்: "ஆத்தக் கடக்கற மட்டுந்தாண்டா அண்ணன் தம்பி. கடந்துட்டா நீ யாரோ நான் யாரோ." கரட்டுமேட்டுக்காரன் நம்மைத் தேடி வருகிறான் என்றால் அவனுக்கு ஆறு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா காலத்தில் ஒரு மாட்டு வண்டியை ஆளோடு அடித்துக்கொண்டு போனது. நனைந்த பனியனோடு முதல் ஆளாகப் போய் நின்று அழுதவர் அப்பா. அந்தத் தேர்தலில் எதிர்த்து நின்றவனுக்கு டெபாசிட் போனது. அப்பா நடித்தார் என்று பேசினார்கள், அது அநியாயம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நடிக்க வராது. நிஜமாகவே அழுவோம்.

போன தேர்தலுக்கு என் இடத்தில் நவீனை நிறுத்துவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துக் கரட்டுமேட்டில் பலகை வைத்துவிட்டார்கள், பாலம் இல்லையென்றால் ஓட்டு இல்லை என்று. அந்த ஊர் ஓட்டு இல்லாமல் எங்கள் குடும்பம் ஜெயித்ததே கிடையாது. நவீனைக் கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படிக்கவைத்தது என் தப்பு. பாலம் என்றதும் அவன் நிஜப் பாலம் என்றே நினைத்துக்கொண்டான். திருவனந்தபுரத்துக்கும் கரட்டுமேட்டுக்குமாக அலைந்தான். நல்ல பையன். அரசியலுக்குக் கொஞ்சம் பழுக்க வேண்டியிருந்தது.

அணையைத் திறக்கிறார்கள் என்றால் எனக்கும் தகவல் வந்துவிடும். பலகை வைத்த கொஞ்ச நாளில் அப்படி ஒன்று வந்தது. தண்ணீர் வரும் அன்றைக்கே சித்தூர் மண்டபத்தில் கிட்டுச்சாமிக்குப் பாராட்டு விழா வைத்திருந்தேன். பாவம், இத்தனை வருஷம் ஆற்றங்கரையில் நின்றவனுக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள்? காரை அனுப்பியபோது அவன் தயங்கிப் போன் செய்தான்: "ஏனுங்க, இன்னைக்குத் தண்ணி வருமாட்டத் தெரியுதுங்க. கொடியக் கட்டிப்போட்டு வந்தர்றனுங்களே."

"இன்னைக்குத் தண்ணி இல்லையப்பா. நீ வண்டியில ஏறு," என்றேன்.

ஒரு மாடு, மிஞ்சிப்போனால் ஒரு பால் வண்டி. என் மனதில் இருந்தது அவ்வளவுதான். நான் ஓடிப்போய் அழுவேன், ஊர் என் தோளில் சாயும், பலகையை அவர்களே பிடுங்கிப் போடுவார்கள்.

கிட்டுச்சாமியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினேன், எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது நவீன் அழைத்தான். அக்கரையில் காரோடு நிற்பதாகச் சொன்னான். குரலில் அப்படியொரு குதூகலம்.

"அப்பா, பாலத்துக்குக் காசு ஒதுக்கியாச்சுங்க. ஆர்டர் கைக்கு வந்துருச்சு. ஊரே பட்டாசு வெடிக்குது. இனிமே நம்மூட்டுல யாரும் பாலத்தச் சொல்லி ஓட்டுக் கேக்க வேண்டியதில்லீங்கப்பா." அப்புறம் கேட்டான்: "கொடியும் காணம், கிட்டுச்சாமியண்ணனையும் காணம். தண்ணி தொறந்துருக்கறாங்களா? நான் வரட்டுங்களா?"

எதையும் யோசிக்காமல் பேசுகிறவன் அல்ல நான். கைதட்டல் ஓயும்வரை யோசித்தேன். தாத்தாவை நினைத்தேன், அப்பாவை நினைத்தேன். பிறகு சொன்னேன்.

"கொடி இல்லீன்னா வரலாங் கண்ணு. வா."

அவனிடம் நான் பொய் சொல்லவில்லை, சார். எல்லோருக்கும் உள்ள விதியைத்தான் சொன்னேன். எம்எல்ஏ மகன் என்பதற்காகத் தனி விதி சொல்ல முடியுமா?

காரை மறுநாள் கண்டுபிடித்தார்கள். நனைந்த சட்டையோடு முதல் ஆளாக நின்றது நான். மனசார அழுதேன். கரட்டுமேடு மொத்தமும் என் காலடியில் விழுந்து அழுதது, பலகை அன்றைக்கே போய்விட்டது. கட்சி மௌனிகாவை நிறுத்தியது. எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்காத ஓட்டு வித்தியாசம். என் சம்சாரம் ஜானகியம்மாள் மட்டும் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். சோறு போடுகிறாள், அவ்வளவுதான். பெற்றவள், தாங்க முடியவில்லை. எனக்கும் தாங்க முடியாமல்தான் இருந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மௌனிகா மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமனாரையே பிடித்துக் கொடுத்த எம்எல்ஏ என்றால் அடுத்த தேர்தலுக்கு அதுவே போதும். வந்த கொஞ்ச நாளில் நன்றாகக் கற்றுக்கொண்டாள். நீங்கள் என்னைக் கொண்டுபோகும்போது பத்திரிகைக்காரர்கள் வருவார்களா? இல்லை, வேட்டியை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

ஒன்றுதான் எனக்கு மனசே ஆறவில்லை. நவீன் வாங்கிவந்த ஆர்டரை வைத்து அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். தூண் எழும்பிவிட்டதாம். இங்கே உட்கார்ந்தால் மிஷின் சத்தம் கேட்கிறது பாருங்கள். பாலத்துக்கு நவீன் பெயர் வைக்கப்போகிறாளாம். பாலத்தில் வண்டியில் போகிறவன் எவன் நின்று பெயரைப் படிக்கிறான்? இப்போது தண்ணீர் வரும்போதெல்லாம் கரட்டுமேட்டில் விளக்கேற்றி அவன் பெயரைச் சொல்லி அழுகிறார்கள். நீங்கள் படித்தவர், கொஞ்சம் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். பாலத்தைக் கட்டிவிட்டால் என் மகனை யார் நினைப்பார்கள்?