முறிகண்டியில் உடைக்காத தேங்காய்

கோச்சி கடந்துபோகட்டும் என்று சுன்னாகம் ரயில் கடவையில் பஸ் மறிபட்டு நின்றது. எனக்கு முன்னால் இரண்டு தோட்டக்காரர் இருந்தார்கள்.

"ரோட்டை இவ்வளவு வடிவாய்ப் போட்டிருக்கக்கூடாது," என்றார் மூத்தவர்.

"ஏன் அண்ணை?"

"அந்தக் காசிலை உந்தக் கோச்சிக்குச் சாமான் பெட்டி நாலு கொழுவியிருந்தால் வெங்காயம் தன்ரை பாட்டிலை போயிருக்கும். ரோட்டு நல்லம்தானே, விடியமுன்னம் தம்புள்ளைச் சந்தைக்கு வா எண்டு முதலாளி நெருக்கினார். என்ரை தம்பி நித்திரைத் தூக்கத்திலை லொறி ஓடினவன்."

"வழியிலை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஒருத்தரும் போகமாட்டினமே?"

"நிக்க நேரமில்லையெண்டு போயிட்டான்."

கடவை திறந்தது.

"லொறி அப்பளமாய்ப் போச்சுது. சீற்றுக்குக் கீழை, அங்கை உடைக்கவெண்டு கொண்டுபோன தேங்காய் மட்டும் முழுசாய்க் கிடந்தது. நேற்று அவன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அதைத்தான் உடைச்சனாங்கள்."