வெட்டிய மூலை

விசாரணைக்குக் கூப்பிட்டுக் காபியும் கொடுத்ததற்கு நன்றி சார். சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். எதிலும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது என் குணம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மனைவியின் தம்பியைப் பண்ணையில் எல்லோரும் ‘நாக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இலையைக் கடித்துப் பார்த்தே, இந்தப் பேரிக்காய்க் கன்று கருகல் நோயைத் தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவானாம். பெரிய மகான். நான் ஆய்வகக்காரன். ஒவ்வொரு கன்றிலும் இலைத் துணுக்கு கிள்ளி, தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் எண் வரிசைப்படி போட்டு, நோயைத் தாங்கும் மரபணுவின் அடையாளம் இருக்கிறதா என்று மிஷினில் பார்ப்பேன். மரம் வளர்ந்து, நோய் வந்து, பிறகு தெரிந்துகொள்ளும் அவஸ்தை இல்லை.

புது மிஷின் வந்த அன்று எல்லோர் முன்னாலும் சொன்னான்: “அத்தான் மிஷின் சூடாகறதுக்குள்ள என் நாக்கு சொல்லிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

பதினோரு வருஷம் மகரந்தம் மாற்றிச் சேர்த்து அவன் எடுத்த கன்றுகள் தொண்ணூற்றாறு. அடையாளம் இருந்தவை ஒன்பதே ஒன்பது. தட்டைத் தலைமாற்றி வைத்தால் முதல் கன்றின் முடிவு கடைசிக் கன்றுக்குப் போய்விடும். அப்படித்தான் போனது. நல்ல ஒன்பதும் கழிவுப் பட்டியலில் ஏறின. சோதா ஒன்பது பாஸாகிவிட்டன.

பட்டியலைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “அத்தான், பதினாலாம் நம்பர் நல்ல கன்னுன்னு தோணுது. இன்னொரு தடவ பாத்துடலாமா?”

“மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா,” என்றேன்.

பாவம், நம்பினான். தன் கையாலேயே பிடுங்கி எரித்தான்.

பாஸான ஒன்பதையும் பெருக்கித் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தான். நாலாம் வருஷம் கருகல் வந்து அத்தனையும் போயிற்று. அவன் வாசலில் வந்து காறித் துப்பினார்கள். அதற்கப்புறம் அவன் ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை. எதிலும் ருசியே தெரியவில்லை என்றான். போன மாதம் தோட்டத்து மருந்தைக் குடித்துவிட்டான்.

“அவனுக்கு நீங்கதான் ஒரே ஆறுதலா இருந்தீங்க,” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள் என் மனைவி. எனக்கும் அழுகை வந்தது சார், பொய்யில்லை. ஒரு தடவை தோற்றால் பக்குவப்படுவான் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் நல்ல மனுஷர். அன்று ஆய்வகத்தில் எடுத்த பழைய ஃபோட்டோவில் தட்டு திரும்பியிருப்பதைக் கண்டுபிடித்த பிறகும், ‘கைத்தவறு’ என்று எழுதி முடித்துவிடலாம் என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். தட்டின் ஒரு மூலையை வெட்டி வைத்திருப்பதே திசை தெரிவதற்குத்தான். பதினேழு வருஷத்தில் தவறுதலாக ஒரு தட்டைக்கூட நான் மாற்றி வைத்ததில்லை. அன்றைக்கும் மூலையைப் பார்த்துத்தான் திருப்பி வைத்தேன். கைத்தவறு என்று எழுதி என் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்.