அம்சம் கழுவிய கார்

காரை வெயிலில் நிறுத்திக் கழுவக் கூடாது, மேடம். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. தகடு சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் துடைப்பதற்குள் காய்ந்து, பொட்டுப் பொட்டாக உப்புத் திட்டு விழும். நம் பக்கத்து போர் தண்ணீருக்குக் கேட்கவே வேண்டாம். நிழலில் நிறுத்தி, கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வர வேண்டும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. வெளியே நிற்கிற உங்கள் ஸ்டேஷன் ஜீப்பை யாரோ தரை துடைக்கிற துணியால் துடைத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போதே பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி, வந்த விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. "பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி அம்சம் போய்ப் பதினேழு நாள் ஆகிறது. நேற்றுதான் காரியம் முடிந்தது. அது முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். அந்த வரியை நீங்கள் திருத்த வேண்டும்.

நான் இருபத்தோரு வருடம் ரைஸ்மில் முதலாளி ஒருவர் வீட்டில் டிரைவராக இருந்தவன். அறுப்புக் காலத்தில் ஒரத்தநாடு பக்கத்து ரோடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் ஆடு, கோழி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். ஒரு கோழியைக்கூட நான் அடித்ததில்லை. பஞ்சநதம் ஓட்டினால் தூக்கம் வருகிறது என்று முதலாளியம்மாவே சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்டவனைப் பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாத கிழவனாக்கி அரசாங்கக் காகிதத்தில் எழுதினால் எப்படி?

முதலாளி மூன்று கார் மாற்றினார். மூன்றையும் நான்தான் குளிப்பாட்டினேன். பின் சீட்டில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. எனக்கு மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இலை போடுவார்கள். நம்ம தெரு ஆட்களுக்கு அந்த வீட்டில் வழக்கம் அப்படி, குறையாகச் சொல்லவில்லை. சென்னையில் வேலை பார்க்கிற என் மகன் செழியன் போன தை மாதம் எனக்கென்று ஒரு கார் வாங்கிக் கொடுத்தான். கருநீலம். சாவியை வாங்கியதும் நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்சம்தான் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் நல்லவள். என் அக்கா மகள்தானே, எனக்குத் தெரியாதா?

வீட்டில் ஒரே ஒரு சட்டம் வைத்தேன், காரை யாரும் தொடக் கூடாது என்று. பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. சித்திரையில் ஒரு நாள் அம்சம் அரிசி புடைத்துவிட்டு முறத்தை பானெட் மேல் வைத்துவிட்டாள். அப்போதுதான் தஞ்சாவூர் போய்த் திரும்பியிருந்தேன், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து அவள் உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அடுப்பில் சுட்டுக்கொண்டதாக எல்லாரிடமும் அவளே சொல்லிக்கொண்டாள். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூஜைக்குக் கார் அழுக்காக நிற்கப் போகிறதே என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் நான் ஊசி போட்டுக்கொள்ளப் போய்விட்டு, மூன்று மணி சுமாருக்கு பஸ்ஸில் இறங்கி வந்தேன். கார் பளபளவென்று நின்றது. அம்சம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழுக்க நனைந்து நின்றாள். முகம் எல்லாம் சிரிப்பு.

"எப்படி மாமா இருக்கு? நம்ம லெட்சுமியத் தேய்க்கிற மாதிரியே தேய்ச்சேன். வலிக்காமத்தான் தேய்ச்சேன்."

லெட்சுமி எங்கள் எருமை. வாய்க்காலில் இறக்கி, வைக்கோலை ஒரு கை அளவு சுருட்டி, அதன் முதுகை அழுந்தத் தேய்ப்பாள். கடைசியில் கொம்புக்கு நல்லெண்ணெய் தடவுவாள். அதையேதான் காருக்கும் செய்திருந்தாள். குறுவை அறுத்த புது வைக்கோல் மேடம், சுணை போகாதது, அரம் மாதிரி இருக்கும். மாட்டுத் தோலுக்கு அது சுகம். கூரையிலிருந்து கதவு வரை ஓர் இடம் விடாமல் தேய்த்து, மேலே எண்ணெயும் தடவி வைத்திருந்தாள். எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சாய்ந்த வெயிலில் பார்த்தேன். முடி முடியாகக் கோடு. நகத்தை வைத்துப் பார்த்தேன், சிக்கியது. நகம் சிக்கினால் எந்தப் பாலிஷுக்கும் போகாது.

நல்லா இருக்கு என்று சொன்னேன்.

நான் கத்துகிற ஆள் இல்லை, மேடம். இருட்டுகிற வரைக்கும் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன், இடுப்பு விட்டுப்போனது. நடுவில் டீ கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன். நான் இவ்வளவு தேய்த்தும் உனக்குத் திருப்தி இல்லையா மாமா, ஏன் திரும்பத் தேய்க்கிறாய் என்று கேட்டாள். பூஜைக்கு இன்னும் கொஞ்சம் மினுங்கட்டும் என்றேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டோம். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் அல்லவா. எனக்குக் குனிய முடியாது என்பதால் அவளே வைத்தாள். கார் கேட்டைப் பார்த்து நின்றது. கேட்டை ஒட்டிச் சரிவு. முன்பக்கம் இடது சக்கரத்துப் பழம் மட்டும் நிற்காமல் உருண்டு உருண்டு போனது. நான் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டு, சக்கரம் ஏறுகிற வரைக்கும் பழத்தை விரலால் பிடித்துக்கொள் என்றேன்.

"வெரல் நசுங்கிடும் மாமா" என்று சிரித்தாள்.

"இருபத்தோரு வருஷமா ஓட்டுறேன்டி. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிக் கேட்டுத் தூண். நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பினேன். சக்கரம் திரும்பியதில் பழம் விலகியது. அதைச் சரி செய்ய இன்னும் குனிந்தாள். அப்போது மிதித்தேன். எதை மிதிக்க நினைத்தேனோ அதைத்தான் மிதித்தேன். கால் தவறியவன் ஸ்டீயரிங்கைத் திருப்புவானா மேடம்? நீங்களே யோசித்துப் பாருங்கள். தூணில் மோதியதும் பிரேக் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, நாலடி பின்னால் வந்தேன். திரும்ப முன்னால் போனேன். மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் பிரேக்கைச் சரியான இடத்தில்தான் பிடித்தேன். தூணில் மூன்று இடத்தில் செங்கல் பெயர்ந்திருக்கும், ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

சேதி கேட்டுச் செழியன் சென்னையிலிருந்து ஓடி வந்தான். என்னைக் கட்டிக்கொண்டு, "வயசாயிடுச்சுப்பா, கால் தடுமாறிடுச்சு. யாருக்கும் நடக்கிறதுதான், விடுங்க" என்று அழுதான். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பதினாறு நாளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுப் பந்தல் பிரித்த கையோடு, அப்பாவிடம் இனிமேல் எந்தச் சாவியும் கொடுக்காதீர்கள் என்று உறவுக்காரர்களிடம் சொல்கிறான். பெற்ற பிள்ளை. அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து உங்களிடம் வந்தேன்.

பேனாவை மூடாதீர்கள் மேடம். அதிர்ச்சியில் பேசவில்லை. மகனுக்கும் போன் செய்ய வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

எட்டரைக்குப் பூஜை முடிந்துவிட்டது, ஒன்பது பத்துக்குத்தானே ஆம்புலன்ஸுக்குப் போன் வந்திருக்கிறது, நடுவில் நாற்பது நிமிஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை நாளாக ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மாள் குடும்பத்தோடு மெஷின் அறுப்புக்கு வயலுக்குப் போயிருந்தாள். தெருவில் ஆள் இல்லை. அம்சம் தூண் ஓரமாகக் கிடந்தாள். கண் திறந்துதான் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று சொல்லலாம், அப்படி ஆகியிருந்தது. நான் மோட்டார் போட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் வருகிற சத்தம் கேட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"தண்ணி குடு மாமா" என்றாள். தெளிவாகத்தான் கேட்டது.

ரத்தத்தைக் காயவிட்டால் பெயிண்ட்டில் கறை இறங்கிவிடும். அதனால் முதலில் பானெட்டைக் கழுவினேன். பிறகு பம்பர், பிறகு சக்கரம். மூன்றையும் துடைத்து முடித்துவிட்டு ஹோஸோடு அவள் பக்கம் போனேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வேலையாக இருக்கிறேன் என்று பார்த்தால் தொந்தரவு செய்ய மாட்டாள், எப்போதுமே என்னைப் புரிந்துகொண்டு நடக்கிறவள்.