பதினேழு சதவீதம்

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை ஒரு சிட்டிகை கூடுதல். குறையாகச் சொல்லவில்லை, அளவு பிசகினால் என் நாக்குக்கு உடனே தெரிந்துவிடும்.

தொழிற்சாலையிலும் அதுதான் என் வேலை. உலையின் பர்னருக்கு வரும் இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்கும். எவ்வளவு என்று காட்டும் மீட்டர் என் பொறுப்பு. இருபது சதவீதத்தைத் தாண்டினால் மீட்டரே பர்னரை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் தீ குழாய்க்குள் திரும்பிப் பாயும்.

பர்னரை இயக்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். பதினோரு வருடமாக என் மீட்டரை அவர் மதித்ததே இல்லை. பார்வைத் துளையில் தீயைப் பார்ப்பார், அதன் சத்தத்தைக் கேட்பார், அவ்வளவுதான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "உப்பு போதுமான்னு மச்சானக் கேளு. பெட்டிய வச்சு சதவீதம் சொல்லிடுவான்" என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு வலிக்கும். காட்டிக்கொண்டதில்லை.

மாதம் ஒருமுறை, கலவை தெரிந்த சிலிண்டரிலிருந்து வாயுவை விட்டு, இது இவ்வளவு என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சிலிண்டரில் இருந்தது முப்பது சதவீதம். நான் பதினைந்து என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் ஹைட்ரஜனைக் கூட்டி அனுப்பப்போவதாக எரிவாயு நிறுவனத்தார் எழுதிய கடிதம் என் கைக்குத்தான் வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புதன் காலை பத்தரைக்கு அத்தான் கூப்பிட்டார்.

"மச்சான், தீ வெளிறிப் போயிருக்கு. சத்தமும் சரியில்ல. நிறுத்திடவா?"

மீட்டர் பதினேழு காட்டியது. குழாயில் வந்துகொண்டிருந்தது முப்பத்துநான்கு.

"பதினேழுதான் அத்தான். ஒரே ஒரு தடவ என் பேச்ச நம்புங்களேன்."

வால்விலிருந்து கையை எடுத்தார். கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "சரிடா. இத்தன வருஷம் உன்ன ரொம்பத்தான் ஓட்டிட்டேன்."

நான் கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பர்னர் வெடிக்க நான்கு நிமிடம் ஆனது.

முப்பது சதவீதம் என்று போட்டிருக்கும் சிலிண்டரின் சான்றிதழை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். அக்கா நேற்றுவரை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா. அத்தான் கடைசியில் என்னை மதித்துவிட்டார். எங்களுக்குள் இப்போது எந்த மனக்கசப்பும் இல்லை.