மான்தன் அல்ல, பகார்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா ஜெயசீலன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தோழர்களே, ஷிப்டு முடிந்து போசரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் என் சக தொழிலாளிகளே, தாயைப் பறிகொடுத்து நிற்கும் பார்கவியே! பாத்திமாவின் வணக்கம்.

நம் ஊனமுற்ற தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் விசாலம் அக்கா போய்விட்டார். கண் தெரியாதவர் என்று ஊர் சொன்னது. ஆனால் அவர் கண்ணுக்குத் தப்பிய அநியாயம் ஒன்று உண்டா?

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் இருவரும் ஓர் அறக்கட்டளையின் பட்டறையில் சுவிட்சு பூட்டினோம். முதல் மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கவரை நீட்டி, "இது உங்க மான்தன்" என்றார். மராத்தியில் அது மதிப்பூதியம். புனேக்குப் புதிதான அக்காவின் தமிழ்க் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா?

"மானத்தோட குடுக்கற தனமாம்டி!"

பூரித்துப்போய் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். நானும் ஆசையாகத் தின்றேன்.

பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவிட்சைப் பூட்டும் ஊனமில்லாத மற்றவர்களுக்குப் பகார், அதாவது சம்பளம். அதில் பாதிதான் எங்களுக்கு. அந்தப் பாதிக்குத்தான் மான்தன் என்று பெயர்!

அக்கா மேனேஜரிடம் போய் நின்றார். "சாப், மான் ஹமாரே பாஸ் ஹை. பகார் தீஜியே!" மானம் எங்களிடமே இருக்கிறது, சம்பளத்தைக் கொடுங்கள் என்றார். உங்களுக்கு வேலை கொடுத்ததே தர்மம் என்றார் மேனேஜர்.

"தர்மம் வாங்கறதுன்னா வாசல்லயே உட்கார்ந்திருப்பேனே. உள்ள வந்து எதுக்கு வேலை செய்றேன்?"

வேலையை விட்டு நீக்கினார்கள். வாசலிலேயே உட்கார்ந்தார், சம்பளம் கேட்டு! "இருக்கறதும் போயிடும், விட்டுடு விசாலம்" என்று எங்கள் வீட்டாரே கெஞ்சினார்கள். விட்டாரா? நானும் அவரோடு உட்கார்ந்தேன்; மழையில் என் ஊன்றுகோல் வழுக்கும்போதெல்லாம் அவர் தோளைத்தான் பிடித்துக்கொள்வேன்.

அக்கா போட்ட வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஒரே வேலைக்கு ஒரே பகார் என்று தீர்ப்பு வந்த அன்று மறுபடியும் பேடா. "அன்னைக்குத் தப்பா தின்னுட்டோம் பாத்திமா. இப்ப சரியா தின்னு!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எங்கே கேட்பேன், அக்கா?

தோழர்களே, பிம்ப்ரியில் ஒரு பட்டறையில் இன்றும் மான்தன்தான் கொடுக்கிறார்கள். போன வாரம் காய்ச்சலோடு அக்கா அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அவர் இடத்தில் நான் உட்காருவேன். பக்கத்தில் நீங்கள் இருப்பீர்களா?

அங்கே பகார் கொடுக்கும் நாளில் பேடா வாங்குவேன், அக்கா. உங்கள் பங்கையும் நானே தின்பேன். அதுவரை இந்த வாய்க்கு இனிப்பு கிடையாது.