தள்ளியது நான்தான்

என் பெயர் என்சியோ ராய்தனென், வயது அறுபத்தொன்று, பின்லாந்தில் கோட்கா துறைமுகத்துக்கு அருகே குடியிருக்கிறேன், படகு எஞ்சின் பழுதுபார்ப்பது தொழில். இறந்துபோன தௌனோ என் தங்கை ராய்யாவின் கணவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும், அதை நீங்களும் இந்த வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டு நீராவிக் குளியலறையில் நானும் தௌனோவும் உட்கார்ந்திருந்தோம். அவர் சூடான கற்களின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். காது வெந்ததால் நான் எழுந்தேன். "என்ன மச்சான், சூடு தாங்காத ஸ்வீடன்காரன் மாதிரி ஓடுறே?" என்றார். அதன் பிறகு படகுத்துறைக்கு வந்தும் கேலியை விடவில்லை. நான் அவர் தோளில் கைவைத்துத் தள்ளினேன். அவர் பலகையில் விழுந்தார், நெற்றி கிழிந்தது, ஏதோ குழறினார், அதன் பிறகு பேச்சில்லை. சன்னலிலிருந்து பார்த்த ராய்யா ஓடிவந்து, "அவரக் கொன்னுட்டியேண்ணே!" என்று கத்தினாள். காவலரிடமும் அதையே சொன்னாள்.

மருத்துவமனையில் டாக்டர் ஹில்க்கா ஸ்கேன் பார்த்த பிறகு எங்களிடம் வந்தார். "அடிபட்டது நெத்தியில. ரத்தம் கசிஞ்சது மூளைக்குள்ள, நல்ல ஆழத்துல. விழுந்ததால கசிஞ்சுதா, கசிஞ்சதால விழுந்தாரான்னு பார்க்கணும்" என்றார். அதன் பிறகு ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள், வெடிக்கக்கூடிய வீக்கம் எங்கும் இல்லை. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. காரணம் டாக்டருக்கும் பிடிபடவில்லை. நான் காவலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"தினமும் ஏதாவது சாப்பிடுவாரா? மாத்திரை, மூலிகை?" என்று டாக்டர் கேட்டார்.

"தலைவலி மாத்திரைகூடத் தொட மாட்டார் டாக்டர்" என்றாள் ராய்யா. அதன் பிறகு, கையோடு கொண்டுவந்திருந்த தௌனோவின் சட்டைப்பையிலிருந்து உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் நீட்டினாள். "சிகரெட்ட விட வெச்சதே இதுதான். நாந்தான் பை பையா வாங்கிப் போட்டேன். எடுத்துக்கோங்க."

டாக்டர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நானும் காவலரும்கூடப் போட்டோம். அப்போது நர்ஸ் வந்து ராய்யாவை உள்ளே அழைத்துப் போனார். டாக்டர் மெல்லுவதை நிறுத்தி, வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார்.

"அதிமதுரம்" என்றார். "அளவு மீறினா பொட்டாசியத்தக் கரைச்சு, அழுத்தத்த ஏத்தி, மூளைக்குள்ள ரத்தக்குழாயையே வெடிக்க வெச்சிடும். இத யாரும் சாப்பாட்டுக் கணக்குலயே சேக்கிறதில்ல, நானும்தான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ராய்யா தௌனோவின் கையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அது போய்விட்டது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "அவங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவள் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை காரணம் என் கைதான். மறுநாள் தௌனோ இறந்தார்.

என்மேல் வழக்கு நிற்காது என்று இப்போது அதிகாரி சொல்கிறார். இருக்கட்டும். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொள்கிறேன். என் தங்கை வந்து கேட்டால், நான் தள்ளியதுவரை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

(ஒப்பம்) என்சியோ ராய்தனென்