முகமூடிக்காரன் கட்டிக்கப்போகிறவள்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய காமிக்ஸைப் படித்து முடித்த மனைவி கொதித்தார்.

“வேத்துக் கிரகத்துக்காரன் வந்து ஊரையே எரிக்கிறான். அப்பக்கூட இந்தக் கதாநாயகன், முகமூடிக்குள்ள இருக்கிறது நாந்தான்னு கட்டிக்கப்போறவகிட்டச் சொல்லமாட்டானாமா?”

“சொன்னா அவளுக்கு ஆபத்துல்ல?”

“ஊரே எரியுது. அவளுக்கு மட்டும் என்ன தனி ஆபத்து?”

“பயந்துருவாள்ல.”

“நெஞ்சுவலின்னு எங்கிட்டச் சொல்லாம மதுரை ஆஸ்பத்திரியில ஒத்தையாப் படுத்துக் கெடந்துட்டு வந்தீகளே, அன்னைக்கும் இதத்தான் சொன்னீக. உங்களுக்காகப் பயப்பட எனக்குப் பாத்தியதை இல்லையா?”

அவர் காமிக்ஸை வாங்கிப் பைக்குள் வைத்தார். உத்தமபாளையம் தாண்டியபின், “அடுத்த வாரம் டாக்டர் வரச் சொல்லியிருக்காக. நீயும் வா” என்றார்.

“கூப்பிடாட்டியும் வந்திருப்பேன்” என்றார் மனைவி, கோபம் குறையாமலே.